பிள்ளையை மருத்துவத்துக்கு எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்திருக்கிறாள். பயாலஜியிலும் கெமிஸ்ட்ரியிலும் ஏ, கணக்கில் பி பிளஸ். அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கை முறையான யூ.பி.யூ. வழியாக மருத்துவம் கிடைக்கவில்லை, பயோமெடிக்கல் கிடைத்திருக்கிறது. மருத்துவமே வேண்டும் என்றால் மூன்று வழிகள் தெரிகின்றன: வடக்கே ஒரு தனியார் கல்லூரி, கோலாலம்பூரில் பெயர்பெற்ற இன்னொரு தனியார் கல்லூரி, அப்புறம் மிட் வேலியில் நடந்த கல்விக் கண்காட்சியில் ஓர் ஏஜெண்ட் சொன்ன வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். கடைசியில் சொன்னதில் செலவு பாதிதானாம். "வீட்டை மறுபடி அடகு வைத்தால் சமாளித்துவிடலாம். எதில் சேர்ப்பது?" என்கிறார்.

ஐயா, நான் பினாங்கில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் பொது மருத்துவ வார்டில் வேலை செய்கிறேன். உள்நாடு, வெளிநாடு என்று பல கல்லூரிகளில் படித்த எச்.ஓ.க்கள், அதாவது ஹவுஸ்மேன்ஷிப் செய்யும் புது டாக்டர்கள், எங்கள் வார்டுக்கு வருகிறார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. கல்லூரியின் பெயரைவிட, கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் அது பிள்ளையை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது, அங்கே அவள் எத்தனை நோயாளிகளைக் கிட்ட இருந்து பார்ப்பாள் என்பதுதான் முக்கியம். அதற்கு அடுத்தது கடன். மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் பின்னால்தான்.

இவற்றுக்கு முன்னால் ஒரு வாசல்படி இருக்கிறது: அங்கீகாரம். மலேசிய மருத்துவ மன்றம் ஏற்றுக்கொண்ட பட்டங்களின் பட்டியல் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மன்றத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். பார்க்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பட்டம், எந்த வளாகம், எந்த ஆண்டுகளுக்கு என்று முழுதாகப் படியுங்கள். ஒரே பல்கலைக்கழகத்துக்கு இரண்டு ஊரில் கல்லூரி இருந்து, ஒன்று மட்டும் பட்டியலில் இருக்கலாம். பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தால், திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுதித் தேறின பிறகுதான் இங்கே டாக்டராகப் பதிந்துகொள்ள முடியும். ஐந்தாறு ஆண்டு வெளியூரில் படித்துவிட்டு, நம் ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து தயாராக முடியாமல் அந்தத் தேர்வை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சேர்க்கைக்கான குறைந்தபட்சத் தகுதியை மருத்துவ மன்றம் வகுத்து வைத்திருக்கிறது. எஸ்.டி.பி.எம். என்றால் பயாலஜி, கெமிஸ்ட்ரி, அதோடு பிசிக்ஸ் அல்லது கணக்கு, மூன்றிலும் குறைந்தது பி வேண்டும். இது வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கும் பொருந்தும். "அங்கே மார்க் பார்க்க மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால், அங்கே பார்க்காமல் இருக்கலாம், திரும்பி வரும்போது இங்கே பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு இந்தத் தகுதி நன்றாகவே இருக்கிறது, கவலை வேண்டாம். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழித் தேர்ச்சியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்க வேலைக்கு அதைக் கேட்பார்கள்.

ஏஜெண்ட் சொன்ன வழிக்கு வருவோம். 2005இல் கிரைமியாவில் இருந்த ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை நம் அரசாங்கம் நீக்கியது. அங்கே படித்தவர்களில் நம் இந்தியப் பிள்ளைகள் நிறையப் பேர். அந்தச் செய்தி வந்தபோது எத்தனை வீடுகளில் தூக்கம் போனது என்பதை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022இல் உக்ரைனில் போர் வந்தபோது பல நாட்டு மருத்துவ மாணவர்கள் புத்தகத்தைக்கூட எடுக்காமல் எல்லை கடந்து ஓடினார்கள். வெளிநாடு என்றாலே ஆகாது என்று நான் சொல்லவில்லை. இந்தியாவில், குறிப்பாக மணிப்பாலில் படித்துவிட்டு வந்த நல்ல டாக்டர்கள் இந்த நாடு முழுக்க இருக்கிறார்கள். எந்த மொழியில் பாடம் நடத்துகிறார்கள், நோயாளிகள் எந்த மொழி பேசுகிறார்கள், வெளிநாட்டு மாணவரை வார்டில் நோயாளியைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்களா, இதையெல்லாம் ஏஜெண்டிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏஜெண்டுக்குக் கமிஷன் கல்லூரியிடமிருந்து வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, வார்டுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மருத்துவப் படிப்பு பொதுவாக ஐந்து ஆண்டு. முதல் இரண்டு ஆண்டு, சில இடங்களில் இரண்டரை, வகுப்பறை, லேப், உடற்கூறு. அதில் கல்லூரிக்குக் கல்லூரி பெரிய வித்தியாசம் வராது. கெட்டிக்காரப் பிள்ளை நல்ல புத்தகத்தை வைத்துக்கொண்டே பாதியைப் படித்துவிடும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துப் படிக்கும் கிளினிக்கல் ஆண்டுகள் தொடங்கும்போதுதான் கல்லூரிகள் பிரிகின்றன. நம் நாட்டில் பெரும்பாலான தனியார் கல்லூரிகளுக்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில்தான் மாணவர்களைப் பழக்குகிறார்கள். ஒரே ஆஸ்பத்திரிக்கு இரண்டு மூன்று கல்லூரி மாணவர்கள் வந்தால் என்ன ஆகும்? ஈரலில் வீக்கம் உள்ள ஒரு நோயாளியைக் காலையிலிருந்து எட்டுப் பேர் வயிற்றை அழுத்திப் பார்க்கிறார்கள். ஒன்பதாவது மாணவி வரும்போது அந்த மனிதர் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் அந்த மாணவி அந்த ஈரலைத் தொடாமலே டாக்டர் ஆகிவிடுகிறாள்.

அந்த வித்தியாசம் எங்களிடம் வரும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். புது போஸ்டிங்கில், அதாவது புதிதாக ஒரு துறையில் சேரும்போது, டேகிங் என்று ஒரு காலம் உண்டு. விடியலில் வந்து இரவு வரை சீனியரோடு ஒட்டிக்கொண்டே வேலை பழக வேண்டும். டெங்கி சீசனில் வார்டு நிரம்பி வழியும். வயதான ஒரு மலாய்க்கார அம்மா, உடம்பில் தண்ணீர் வற்றிப்போய், நரம்பே தெரியவில்லை, மருந்து ஏற்றும் ஊசிக்குழாயான பிரானுலா போட வேண்டும். நோயாளிகளோடு பழகிப் படித்த எச்.ஓ. முதலில் கட்டிலின் ஓரத்தில் உட்காருகிறாள். கையைத் தன் கையில் எடுத்துத் தேய்த்துக்கொண்டே, எப்போது கடைசியாகச் சாப்பிட்டீர்கள், சிறுநீர் போனதா, வீட்டில் உபாட் கம்போங், நாட்டு மருந்து ஏதாவது குடித்தீர்களா என்று மலாயில் பேச்சுக் கொடுக்கிறாள். பேசுகிற நேரத்தில் நரம்பும் அகப்படுகிறது, இரண்டு நாளாக அந்த அம்மா வாந்தி எடுத்ததும் தெரிய வருகிறது. இன்னொரு எச்.ஓ.வுக்குப் பாடம் எல்லாம் தெரியும், டெங்கியின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒப்பிப்பான். ஆனால் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறான். மாணவனாக இருந்தபோது அவனுக்கு வார்டில் இடமே கிடைக்கவில்லை, செயற்கைக் கையில் ஊசி போட்டுத்தான் பழகினான். அவனும் கற்றுக்கொள்வான், நாங்கள் விட மாட்டோம். ஆனால் அதுவரை அவன் படும் அவமானமும், சில சமயம் போஸ்டிங்கை நீட்டித்துவிடுவதால் வரும் மனச்சோர்வும், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே தவிர்த்திருக்கக்கூடியவை.

அதனால் கல்லூரி எங்கே இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல் கிளினிக்கல் எங்கே என்று கேளுங்கள். ஊர்ப்பெயர் ஏமாற்றும். அரசாங்கப் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம். நம் பினாங்கில் இருந்தாலும் அதன் மருத்துவப் பள்ளி கிளந்தானில் குபாங் கெரியானில் இருக்கிறது. சொந்தப் போதனா மருத்துவமனையோடு இருப்பது அதன் பெரிய பலம். தனியார் பல்கலைக்கழகமான ஐ.எம்.யூ. புக்கிட் ஜாலிலில் இருந்தாலும் அதன் கிளினிக்கல் பள்ளி சிரம்பானில். மோனாஷ் சன்வேயில், கிளினிக்கல் ஜொகூர் பாருவில். எய்ம்ஸ்ட் கெடாவில் செமிலிங்கில், மாணவர்கள் போவது சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கு. ஜார்ஜ் டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் அயர்லாந்துக் கல்லூரி, முன்பு பினாங்கு மருத்துவக் கல்லூரி என்று இருந்ததே, அதில் முதல் இரண்டரை ஆண்டு டப்ளினில், அப்புறம்தான் பினாங்கு. அதாவது பாதிச் செலவு யூரோவில். கோலாலம்பூரில் யு.எம்.முக்கு லெம்பா பந்தாயிலும், யு.கே.எம்.முக்குச் செராஸிலும் சொந்த ஆஸ்பத்திரி இருப்பதால் அவற்றுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு மலிவான கட்டணம் மட்டும் காரணமில்லை.

தனியார் கல்லூரியைப் பார்க்கப் போனால் திறந்த நாளில் போகாதீர்கள், சாதாரண வேலை நாளில் அந்தக் கல்லூரி பயன்படுத்தும் ஆஸ்பத்திரியின் கேண்டீனுக்குப் போங்கள். வெள்ளைக் கோட்டில் நாலாம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் இருப்பார்கள், "தங்கச்சி, ஒரு நிமிஷம்" என்றால் நின்று பேசுவார்கள். இன்று காலை எத்தனை கேஸ் கிளர்க் செய்தீர்கள் (நோயாளியை விசாரித்து, பரிசோதித்து எழுதுவது), பிரசவம் எத்தனை பார்த்தீர்கள், லெக்சரர் வார்டுக்கு வருகிறாரா இல்லை ஆஸ்பத்திரி டாக்டர் நேரம் கிடைக்கும்போது சொல்லிக் கொடுப்பதோடு சரியா, உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் உங்களோடு இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். நூறு பேர் சேர்ந்து அறுபது பேர்தான் குறித்த காலத்தில் முடிக்கிறார்கள் என்றால், மீதிப் பேர் கூடுதல் செமஸ்டருக்கும் பணம் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். இதைக் கல்லூரி அலுவலகத்திலும் எழுத்தில் கேட்கலாம். சொல்லத் தயங்கும் கல்லூரியை நானாக இருந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

கல்லூரி நிலைத்து நிற்குமா என்பதையும் பார்க்க வேண்டிய காலம் இது. நாட்டில் ஹவுஸ்மேன்ஷிப்பில் சேர்ந்தவர்கள் 2019இல் ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். 2023இல் அது மூவாயிரத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டது. பிள்ளைகள் மருத்துவத்துக்கு வரத் தயங்குகிறார்கள், தனியார் கல்லூரிகளில் இடங்கள் காலியாக இருக்கின்றன. அதனால் சலுகை, உபகாரச் சம்பளம் என்று கூப்பிடுகிறார்கள். நல்ல கல்லூரி தரும் சலுகையை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் மாணவர் இல்லாத கல்லூரி நல்ல லெக்சரர்களை வைத்துக்கொள்ள முடியாது. பத்தாண்டுக்கும் முன்னால் உங்கள் பக்கத்துக் கெப்பாலா பத்தாஸிலேயே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி பண நெருக்கடியில் மூடப்பட்டு, மாணவர்கள் வேறு கல்லூரிகளைத் தேடிப் போக வேண்டியதாகிவிட்டது. அந்தக் கல்லூரிக்கும் அழகான கட்டடம் இருந்தது.

இப்போது வீடு. தனியார் கல்லூரிகளில் ஐந்தாண்டுக் கட்டணம் மட்டும் சுமார் மூன்று லட்சம் வெள்ளியிலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேல் வரை போகிறது. சாப்பாடு, வாடகை, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு ஓட ஒரு பழைய கார், இதெல்லாம் தனி. அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் ஒரு பகுதியைத்தான் தாங்கும். நாலு லட்சம் வெள்ளியை 4.5 விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக்கு எடுத்தால் மாதம் 2,530 வெள்ளி கட்ட வேண்டும். எச்.ஓ.வின் அடிப்படைச் சம்பளம் பல ஆண்டுகளாக மூவாயிரம் வெள்ளியை ஒட்டியே இருந்தது. படிகள் சேர்த்தால்தான் நாலாயிரத்தைத் தாண்டும். அண்மையில் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள், ஆனாலும் கணக்கு பெரிதாக மாறவில்லை. அதுவும் அந்தச் சம்பளம் படித்து முடித்த பிறகு, ஹவுஸ்மேன்ஷிப்புக்கு இடம் வந்த பிறகுதான். அதுவரை ஐந்து ஆண்டுக்கு மேல் தவணையைக் கட்டப்போவது நீங்கள்.

ஊழியர் சேமநிதியில் (இ.பி.எஃப்.) செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்கலாம். ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் தருகிறது, விண்ணப்பித்துப் பாருங்கள். ஆனால் ஐயா, உங்களுக்கு இன்னொரு பிள்ளை இருந்தால், உங்களுக்கு ஓய்வு பெற பத்து ஆண்டுக்குள்தான் இருக்கிறது என்றால், இருக்கும் ஒரே வீட்டை இதற்காக வைக்காதீர்கள். மகள் இரண்டாம் ஆண்டில் மனம் மாறினாலும், உடம்பு முடியாமல் போனாலும், அந்தக் கடன் அவளைப் படிப்பிலிருந்து இறங்க விடாது. மருத்துவம் பிடிக்காமலே, அப்பா வீட்டை வைத்துவிட்டாரே என்பதற்காகத் தொடர்ந்த பிள்ளைகளை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

படிப்புக்குப் பிறகு என்ன என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹவுஸ்மேன்ஷிப் இரண்டு ஆண்டு, நாலு மாதத்துக்கு ஒரு துறை. 2016 டிசம்பரிலிருந்து புதியவர்களை ஒப்பந்த முறையில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் நாடு முழுக்க வேலையை நிறுத்தி வெளியே வந்தது இதனால்தான். அதற்குப் பிறகு நிரந்தர இடங்கள் கூடியிருக்கின்றன, ஆனால் முதல் நாளே நிரந்தர வேலை என்று நினைத்துக் கணக்குப் போடக் கூடாது. சிங்கப்பூர் போகலாம் என்ற எண்ணம் இருந்தால், அவர்களுக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. 2020இல் அதை 160 பல்கலைக்கழகங்களிலிருந்து 103 ஆகக் குறைத்தார்கள். நம் நாட்டிலிருந்து அதில் நெடுங்காலமாக இருப்பவை யு.எம்., யு.கே.எம். நிபுணத்துவப் படிப்புக்கு மட்டும் எந்தக் கல்லூரி என்பது பெரிதாகக் குறுக்கே வராது. உள்ளூர் மாஸ்டர்ஸ் ஆனாலும் எம்.ஆர்.சி.பி. போன்ற வெளிநாட்டுத் தேர்வு ஆனாலும், எல்லாரும் ஒரே தேர்வைத்தான் எழுத வேண்டும். அதிகம் பேசப்படாத தனியார் கல்லூரிகளில் படித்து இன்று நல்ல ஸ்பெஷலிஸ்டாக இருப்பவர்களோடு நான் வேலை செய்கிறேன்.

இனி உங்கள் மூன்று வழிகள். வெளிநாட்டை விட்டுவிடுங்கள். ஏஜெண்ட் சொல்லும் பாதி விலையில் விமானச் செலவும் வெள்ளியின் மதிப்பு இறங்கினால் வரும் கூடுதலும் சேர்ந்திருக்காது. கோலாலம்பூர் கல்லூரிக்கும் வடக்கே உள்ளதற்கும் இடையில் கட்டணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். கேண்டீனில் நான் சொன்ன கேள்விகளை இரண்டு இடத்திலும் கேட்டுப் பாருங்கள். வடக்கே உள்ள கல்லூரி மாணவர்களுக்கு நோயாளிகள் நிறையக் கிடைக்கிறார்கள் என்றால், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்வரக்கூடிய அந்தக் கல்லூரிதான் என் தேர்வு. ஐந்தாண்டு வாடகை மிச்சம். பரீட்சை நேரத்தில் அம்மா கையால் சாப்பாடு கிடைப்பதும் சின்ன விஷயம் இல்லை. கோலாலம்பூர் பெயருக்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கும் முன்னால் மகளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். நீங்களும் அம்மாவும் மட்டும், சொந்தக்காரர் யாரும் வேண்டாம். நம் குடும்பங்களில் "டாக்டர்" என்ற ஒரு சொல்லுக்குத் தோட்டக் காலத்திலிருந்தே பெரிய கனம் உண்டு. அந்தக் கனத்தைப் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் ஆசை என்றே நினைத்துக்கொள்ளும். முடிந்தால் ஒரு வாரம் ஏதாவது முதியோர் இல்லத்திலோ கிளினிக்கிலோ உதவிக்கு அனுப்புங்கள். வாந்தியைத் துடைக்கவும், கோபப்படும் நோயாளியிடம் நின்று பேசவும் முடிகிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். பயோமெடிக்கலையும் ஒதுக்கிவிடாதீர்கள். அதை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு மருத்துவத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆய்வகத்திலேயே நல்ல வாழ்க்கை அமைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். எஸ்.டி.பி.எம். தாளைத் திரும்ப எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஆண்டு முயற்சிப்பதும் ஒரு வழி. ஓர் ஆண்டு போவது, மூன்று லட்சம் வெள்ளி போவதைவிட எவ்வளவோ மேல்.

யூ.பி.யூ. முடிவுக்கு மேல்முறையீடு செய்ய இணையத்தில் ஒரு குறுகிய கால அவகாசம் தருவார்கள். சில நாள்தான் திறந்திருக்கும். புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்களுக்கு மொத்த மதிப்பெண்ணில் பத்து விழுக்காடு உண்டு, அவை சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்களா, அது எப்படிப் போனது என்பதையும் மகளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். மேல்முறையீட்டில் என்ன எழுதுவது என்று சேர்ந்து பார்க்கலாம். அந்த முடிவு வரும்வரை எந்தத் தனியார் கல்லூரிக்கும் திரும்பி வராத முன்பணம் கட்டாதீர்கள்.